முதலில் யாரைக் கேட்பது

கம்ப்யூட்டரின் பொத்தானை அழுத்திவிட்டு அவள், எம்பிராய்டரி போட வந்திருந்த விளையாட்டுக் குழுச் சட்டைகளில் ஒன்றைத் தேய்க்க ஆரம்பித்தாள். காலர், கை, முதுகு எல்லாம் முடிந்து மடித்தும் வைத்தாகிவிட்டது. கம்ப்யூட்டர் இன்னும் கறுப்புத் திரையில் ஒரு சின்னக் கோட்டை மினுக்கிக்கொண்டு கல்லுளிமங்கன் மாதிரி உட்கார்ந்திருந்தது. பழசுதான், ஆனாலும் போன வாரம் வரை சொன்ன பேச்சைக் கேட்டது. எம்பிராய்டரி டிசைன்கள் சேர்ந்து சேர்ந்து இடம் நிரம்பிப்போனதால் ஒரு பெரிய ஹார்ட் டிஸ்க் வாங்கி அவளே மாட்டினாள். அன்றிலிருந்துதான், எழுந்திருக்கவே ஒரு யுகம் ஆகிற இந்தக் கூத்து.

அந்த வீட்டில் கணவனின் அண்ணனைப் பெரியவர் என்றுதான் சொல்வார்கள். அவர் தட்டில் சோறு விழுந்த பிறகுதான் மற்றவர்கள் தட்டில் விழும். பல்பு மாற்றுவதென்றாலும் அவர் வந்து அண்ணாந்து பார்த்துத் தலையாட்ட வேண்டும். கம்ப்யூட்டர் மக்கர் செய்கிறது என்று காதில் விழுந்ததுமே தீர்ப்புச் சொல்லிவிட்டார். அதையும் எம்பிராய்டரி மெஷினையும் பழைய சாமான்காரரிடம் தள்ளிவிட்டு, அறையை அவருடைய கடைச் சரக்குக்கு ஒழித்துக் கொடுக்க வேண்டுமாம். இன்று மதியம் ஆளோடு வருகிறார். மெஷினின் தடித்த கேபிள் இந்தப் பழைய கம்ப்யூட்டரில்தான் சொருகும், புதிதில் அதற்கு இடமே கிடையாது. ஒன்று போனால் இரண்டும் போச்சு. நாள் முழுக்க அவள் அவளாக இருப்பது இந்த ஒரு அறையில்தான்.

கணவன் வந்து கதவோரம் நின்றான்.

"அண்ணன் வர்ற வரைக்கும் எதையும் தொடாத. அப்புறம் பேசிக்கலாம்."

"எல்லாத்தையும் தூக்கிட்டுப் போனப்புறம் பேச என்ன இருக்கும்?"

அவள் கம்ப்யூட்டரின் பக்கவாட்டு மூடியைக் கழற்றினாள். புதிய டிஸ்க்கைப் பிடுங்கிவிட்டுப் போட்டால் உடனே எழுந்துகொண்டது. திரும்ப மாட்டினால் அதே பழைய கதை. கேபிளை மாற்றிப் பார்த்தாள், தூசியை ஊதிப் பார்த்தாள், ஒன்றும் நடக்கவில்லை. ஆனது ஆகட்டும் என்று, ஆரம்பிக்கும்போதே விசையை விடாமல் தட்டி நீலநிற அமைப்புப் பக்கத்துக்குள் நுழைந்தாள். எந்த டிஸ்க்கிலிருந்து ஆரம்பிப்பது என்ற வரிசை அங்கே இருந்தது: முதல் இடத்தில் புதிய டிஸ்க், இரண்டாவது இடத்தில் பழையது.

இப்படி வைத்தது யார்? அவளேதான். மாட்டும்போது முதல் இணைப்பிலிருந்த பழையதைப் பிடுங்கி அடுத்ததில் சொருகிவிட்டு, அந்த இடத்தைப் புதியதற்குக் கொடுத்திருந்தாள். யாரும் சொல்லவில்லை. பெரியதாயிற்றே என்று கை தானாகச் செய்துவிட்டது, தினமும் முதல் தட்டில் பரிமாறுகிற அதே கை. பாவம், கம்ப்யூட்டர் ஒவ்வொரு தடவையும் அந்த வெற்று டிஸ்க்கின் முன்னால் போய் ஆரம்பிக்கலாமா என்று கேட்டு நின்றிருக்கிறது. அது சாவகாசமாக எழுந்து, யோசித்து, எனக்கு ஒன்றும் தெரியாது என்று கைவிரித்த பிறகுதான் வேலை தெரிந்த பழையதிடம் வந்திருக்கிறது. முதலில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை வருஷம் இந்தக் கையை வைத்துக்கொண்டா இருந்தேன் என்று நினைத்தாள்.

பேசாமல் பெரியதைக் கழற்றிவிடலாமே என்றான் கணவன்.

"அது பாட்டுக்கு இருக்கட்டும். வேலை தெரிஞ்சதை முதல்ல கேக்கணும், அவ்வளவுதான்."

வரிசையை மாற்றிச் சேமித்தாள். வாசலில் வண்டி வந்து நின்றது. எல்லாம் கழற்றி வைத்தாகிவிட்டதா என்று கேட்டுக்கொண்டே பெரியவர் செருப்பைக் கழற்றுவதற்குள் திரை வெளிச்சமாகிவிட்டது. எம்பிராய்டரி வளையத்தில் ஏற்கெனவே பூட்டி வைத்திருந்த விளையாட்டுக் குழுச் சட்டையை மெஷினில் பொருத்தி, டிசைனை அனுப்பினாள். ஊசி தடதடவென்று இறங்க ஆரம்பித்தது.

"நிறுத்தும்மா. பேசணும்."

"இது முடியட்டும் மாமா. உக்காருங்க."

அந்த வீட்டில் அவரை யாரும் காத்திருக்கச் சொன்னதில்லை. அவள் ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கூட வந்த சாமான்காரர் கையில் கயிற்றோடு, துணியில் ஒரு பறவையின் சிறகு நிரம்பி வருவதையே பார்த்துக்கொண்டிருந்தார். அறையில் இருந்தது ஒரே ஒரு ஸ்டூல், அதன் மேல் தேய்த்த சட்டைகள் அடுக்கியிருந்தன. அண்ணன் உட்காரட்டும் என்று கணவன் பதறிப்போய் அந்த அடுக்கில் கை வைத்தான். பிறகு ஓடிக்கொண்டிருந்த ஊசியைப் பார்த்தான். மேலே இருந்த சட்டையை மட்டும் எடுத்து, உதறி, அடுத்ததற்குத் தயாராக அவள் பக்கம் நீட்டினான்.