விசாரணைக்காரர் வீட்டுச் சாவு

பிணத்தின் தாடையை அழுத்திப் பிடித்து வெள்ளைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள் ஆரோக்கியமேரி. இருபது வருஷமாக மூடாத வாய். இப்போதும் மூட மறுத்தது.

அவள் புருஷன் இருதயராஜ், ஆம்பூரில் வெள்ளைக்காரச் சாமியார் நடத்திய போர்டிங் பள்ளிக்கூடத்தின் சமையல் விசாரணைக்காரர். விசாரணை என்றால் பிரம்போடு சமையல்கட்டு வாசலில் நிற்பது. உலைக்கு எவ்வளவு தண்ணீர் என்பது கடைசிவரை அவருக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைக் கறியில் நல்ல துண்டு எது என்பது மட்டும் தெரியும். பிள்ளைகள் பூசைக்குப் போயிருக்கும்போதே அது வீடு வந்து சேர்ந்துவிடும். களியில் மணல் என்று துப்பிய பிள்ளைக்குப் பிரம்படிதான். சாயங்காலம் சமையல்காரிகள் முந்தானையை உதறிக் காட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போகவேண்டும். அன்று விடியற்காலை மார்வலி என்று உட்கார்ந்தவர் பிறகு எழவில்லை.

பள்ளிக்கூடச் சமையல்கட்டுச் சுவரை ஒட்டிய அந்த வீட்டு வாசலில் கொழுந்தன் சவரிமுத்து மார்பில் அடித்துக்கொண்டான்.

"எத்தினி புள்ளைங்களுக்குச் சோறு போட்ட கை!"

அந்தக் கை கரண்டியைத் தொட்டதில்லை என்று அவனுக்கும் தெரியும். அண்ணன் வேலை இனித் தனக்குத்தான் என்று நம்பியிருந்தான். அண்ணனுடைய புதுச் செருப்பு அதற்குள் அவன் காலில் ஏறியிருந்தது.

மூத்த சமையல்காரி பூவம்மாள் தயங்கித் தயங்கி வந்து நின்றாள். "அம்மா, புள்ளைங்க நேத்து சாயங்காலம் துன்னதுதான். அடுப்ப பத்தவைக்கலாமா?"

சவரிமுத்து எகிறினான். "இன்னா பேசுற நீ? செவுத்துக்கு இந்தாண்ட பொணம் கெடக்குது. எடுக்கிற வரைக்கும் அடுப்பு எரியக்கூடாது. ஒரு வேள பட்னி கெடந்தா செத்தா பூடுவாங்க?"

"நீ போய் பத்தவை, பூவம்மா," என்றாள் ஆரோக்கியமேரி.

"அண்ணி! அண்ணனுக்கு மரியாத வேணாமா?"

"அவருக்குப் பசிக்காது. நீ அந்தச் செருப்ப கழட்டு."

கழற்றினான்.

சுவருக்கு அப்பால் புகை எழுந்தது. பிள்ளைகள் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகே பெட்டி கிளம்பியது. ஜெபத்துக்கு நடுவே பிள்ளைகள் வரிசையில் எங்கோ ஓர் ஏப்பம் கேட்டது. யாரும் திட்டவில்லை.

கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பிய ஆரோக்கியமேரி வீட்டுக்குள் போகாமல் சமையல்கட்டுக்குப் போனாள். அங்கே சமையல்காரிகள் பிள்ளைகளுக்குப் போட்டு மிஞ்சிய களியைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவளைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தார்கள். அவள் தரையில் உட்கார்ந்தாள். பூவம்மாள் ஓர் உருண்டையை எடுத்து வைத்தாள்.

ஒரு வாய் பிட்டுப் போட்டாள். பல்லில் மணல் நெறுநெறுத்தது.

எல்லோரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆரோக்கியமேரி துப்பவில்லை. விழுங்கிவிட்டு, இன்னொரு வாய் பிட்டாள்.