முளைத்த காலும் பின்னிய புல்லும்

என் கணவரின் அக்காவான அண்ணி கண்ணாடித் தொட்டியைக் காட்டியதும், குழந்தையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டு நானும் குனிந்து பார்த்தேன். ஆக்சலோட்டல் என்கிற சாலமண்டர், தண்ணீரில் வாழும் பல்லி மாதிரி. வெளிறிய உடம்பு, தலைக்கு இரு பக்கமும் இறகு மாதிரிச் செவுள்கள், தனக்குள் எதற்கோ சிரித்துக்கொள்ளும் வாய். கூட இருந்தது கடித்து முன்னங்கால் துண்டாகிவிட்டதாம். இப்போது அதே இடத்தில் புதுக் கால், விரல்கள் உட்பட. எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது.

"எலும்பு, நரம்பு எல்லாமே திரும்ப வந்திருக்கு. தழும்புகூட இல்ல பாருடா," என்றார் தம்பியிடம்.

அண்ணிக்கு இந்த மிருகக்காட்சிசாலையில் தொட்டிகளைப் பராமரிக்கும் வேலை. பெற்ற பிள்ளை பரிசு வாங்கியது மாதிரிப் பெருமை. அந்தப் பெருமையில், பக்கத்தில் நிற்கும் தம்பி அட்டைப்பெட்டி ஆலை இயந்திரத்துக்கு வலக்கை விரல்களைப் பறிகொடுத்தவர் என்பதே மறந்துபோயிற்று.

என் கணவர் கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார். "அது குடுத்து வச்சது, அக்கா."

அண்ணியின் முகம் சுண்டிப்போயிற்று.

குழந்தை பிறந்ததிலிருந்து என் கணவர் ஒருமுறைகூட அவளைத் தூக்கியதில்லை. கீழே போட்டுவிடுவேன் என்று ஒரே பிடிவாதம். கெஞ்சியும் பார்த்தேன், சண்டை போட்டும் பார்த்தேன். ராத்திரி அவள் சிணுங்கினால் முதலில் எழுந்து உட்காருவது அவர்தான். உட்கார்ந்தபடியே என்னை எழுப்புவார்.

வெளியே போகிற வழியில் பறவைக் கூண்டு. ஆண் தூக்கணாங்குருவி ஒன்று பாதிக் கூட்டில் தொங்கிக்கொண்டு, புல் நாரைக் காலால் அழுத்திப் பிடித்து, அலகால் நுழைத்து, மறுபக்கமாக இழுத்து முடிந்துகொண்டிருந்தது. பெண் குருவி வந்து எட்டிப் பார்த்தது, பறந்துவிட்டது.

"பிடிக்கலையாட்டம் இருக்கு," என்றேன்.

"இத விட்டுட்டு வேற கட்டும்," அண்ணி தரையைப் பார்த்தபடி சொன்னார்.

"அதுக்குக் கைன்னு ஒண்ணுமே இல்லையேக்கா?" என்றார் கணவர்.

"வாயும் காலும்தான்டா."

கணவர் கம்பியோடு ஒட்டி நின்றுவிட்டார். நானும்தான். சாலமண்டர் தூங்கினாலும் அதற்குக் கால் முளைத்துவிடும். இதுவோ ஒவ்வொரு நாரையும் தானே இழுத்தாக வேண்டும். எது பெரிய அதிசயம் என்று கேட்டால் அந்த நேரத்தில் நான் குருவியைத்தான் சொல்லியிருப்பேன்.

பெஞ்சில் உட்கார்ந்து குழந்தையை மடியில் கிடத்தினேன். அவள் சட்டை நாடா அவிழ்ந்திருந்தது. முடியப் போனேன். அதற்குள் அவர் மண்டியிட்டுவிட்டார். வலக்கை வெளியே வந்தது. மிச்சமிருந்த கட்டைவிரலால் ஒரு நாடாவை அழுத்தி, மற்றதைப் பல்லால் கவ்வி, இடக்கையால் வளைத்தார். நழுவியது. அண்ணி உதவிக்குக் கை நீட்ட, நான் அந்த மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினேன். மறுபடி கவ்வினார். மகள் அழவில்லை. தன் நெஞ்சுமேல் கவிழ்ந்திருந்த அப்பாவின் தலைமயிரை இரண்டு கைகளாலும் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள்.