தாசோமுக்கு என் தோள்

என் பெயர் மா யோங் குக். வயது இருபத்து நான்கு. சியோலில் கூரோ பக்கம் ஒரு விடுதியின் மூன்றாவது மாடியில் இருக்கிறேன். கதவைத் திறந்தால் கட்டிலில் இடிக்கும், கட்டிலில் உட்கார்ந்தால் மேசையில் முட்டி இடிக்கும். இதெல்லாம் உங்களுக்குத் தெரியும்தான். ஆனாலும் பெயரில் ஆரம்பித்தால்தான் எனக்குப் பேச்சு வருகிறது. படுத்துக்கொண்டு பேசுகிறேன், கைபேசி எழுதிக்கொள்கிறது. கையைத் தூக்கித் தட்டுவதற்கு இன்று தெம்பு இல்லை. அம்மா, உடனே பயப்பட வேண்டாம். உடம்புக்கு ஒன்றும் இல்லை, அசதிதான்.

தேர்வு என்ன ஆயிற்று என்று அக்கா மூன்று தடவை கேட்டுவிட்டாள். மூன்று தடவையும் கைபேசியில் தலையாட்டுகிற முயல் பொம்மைப் படத்தை அனுப்பிச் சமாளித்தேன். இப்போது சொல்லிவிடுகிறேன்.

பான் மேடத்தின் ஓவியப் பயிற்சிப் பள்ளியில் உதவி ஆசிரியர் வேலை. ஓவியக் கல்லூரி நுழைவுத் தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைகளுக்கு, மனித உருவத்தை நீர்வண்ணத்தில் வரையக் கற்றுத்தர வேண்டும். கிடைத்தால் பார்சல் கிடங்கை விட்டுவிடலாம். கிடைக்காவிட்டால் இன்னொரு குளிர்காலமும் பெட்டி தூக்க வேண்டும். தேர்வுக்கு முந்தைய வாரம் முழுக்கச் சோறு இறங்கவில்லை.

என் ஒரு நாள் எப்படிப் போகும் என்று சொன்னால்தான் நடந்தது புரியும். விடியுமுன் கிடங்குக்குப் போனால் மதியம் வரை லாரியிலிருந்து பெட்டி இறக்குவேன். தண்ணீர்ப் பாட்டில் பெட்டிதான் மோசம், அதுதான் நிறைய வரும். அறைக்குத் திரும்பிக் குளித்ததும், தூங்கினால் எழுந்திருக்க மாட்டேன் என்பதால் படுக்காமல் வரைய உட்காருவேன். கதவின் உட்பக்கம் ஒரு நீளக் கண்ணாடி மாட்டியிருக்கிறேன். அதற்கு முன்னால் சட்டையைக் கழற்றிவிட்டு, ஒரு நிமிட வரைவு பத்து, மூன்று நிமிட வரைவு ஐந்து. பென்சில்தான், அழிப்பான் கிடையாது. அப்புறம் தாளைப் பலகையில் ஒட்டி, ஈரமாக்கி, வண்ணம். சாப்பிட்டு முடித்த ராமியான் நூடுல்ஸ் கோப்பைதான் தூரிகை கழுவும் பாத்திரம். தாளைக் காயவைக்க முடி உலர்த்தி. பக்கத்து அறைக்காரர் டாக்சி ஓட்டுகிறவர், பகலில்தான் தூங்குவார். உலர்த்தியைப் போட்டால் சுவரில் இரண்டு தட்டுத் தட்டுவார். அதற்குப் பயந்து பாதி நாள் தாள் தானாகக் காயட்டும் என்று காத்திருப்பேன். அப்படிக் காத்திருக்கும்போது தலை தொங்கிவிடும், வண்ணத்தின் ஓரம் தண்ணீர் ஓடிப் பூப்பூவாய்த் திட்டு விழுந்துவிடும். அந்தத் தாளைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு இன்னொன்றை ஒட்டுவேன்.

முன்பு சனிக்கிழமை தோறும் பான் மேடம் பள்ளியில் மாடல் வைத்து வரைவார்கள், நானும் போவேன். போன குளிர்காலத்தில் கிடங்கில் சனிக்கிழமையும் வரச் சொல்லிவிட்டார்கள். அதோடு நின்றது. அதற்குப் பிறகு எனக்குக் கண்ணாடிதான். ஒரு நாள்கூட விடவில்லை, அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

தேர்வு என்று மேடம் சொன்னது மாதிரிப் படத்தை. பிள்ளைகள் சுற்றி நிற்பார்கள், நடுவில் ஒருவர் உட்காருவார், நான்கு மணி நேரத்தில் வெள்ளைத் தாளிலிருந்து முழுப் படம் வரை அவர்கள் கண் முன்னால் செய்து காட்ட வேண்டும். அந்தப் படத்தைச் சுவரில் மாட்டுவார்கள். பிள்ளைகள் அதைப் பார்த்து அப்படியே பழகுவார்கள். இங்கே எல்லாப் பயிற்சிப் பள்ளியிலும் இதுதான் வழக்கம்.

அன்றைக்கு விடுப்புக் கேட்டேன். கிடங்கு மேற்பார்வையாளர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இந்த வாரம் கிம்ச்சிக்கு முட்டைக்கோஸ் ஊறவைக்கிற காலம், உப்பு மூட்டை மட்டும் ஆயிரக்கணக்கில் வருகிறது, படம் வரைகிறவனுக்கெல்லாம் விடுப்புக் கொடுத்தால் ஊரே உப்பில்லாமல் கிம்ச்சி தின்ன வேண்டியதுதான் என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். உப்பு மூட்டையை இறக்கிவிட்டு, மெட்ரோவில் நின்றபடியே ஒரு கிம்பாப் சோற்றுச் சுருளைச் சாப்பிட்டுவிட்டுப் போனேன்.

போனதும் மேடம் பிள்ளைகளில் யாராவது உட்காருங்கள் என்றார். தாசோம் என்று ஒரு பெண் வந்தாள். இருபது வயது, மூன்றாவது தடவையாக நுழைவுத் தேர்வு எழுதப் போகிறவள். வாய் கொஞ்சம் நீளம். நான் வாயைத் திறந்து பேசியதுமே நம் யென்ஜி ஊர் இழுவையைக் கண்டுபிடித்துவிட்டு, சாருக்கு எந்தப் பக்கம், எல்லைக்கு அந்தப் பக்கம் சீனாவா என்றாள். ஆமாம் என்றேன். அங்கே குளிருக்கு வண்ணம் உறையாதா என்று கேட்டாள். உறையும், சொஜு சாராயம் கலந்தால் உறையாது என்றேன். பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்கும் கொஞ்சம் பயம் விட்டது.

அவள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஒரு கை நாற்காலி முதுகில், இடது கை முட்டியின் மேல் விரல் விரித்தபடி. வெள்ளைச் சட்டை. வெள்ளைச் சட்டை என்றால் எனக்குச் சந்தோஷம். நீர்வண்ணத்தில் வெள்ளை என்று ஒன்றை நாம் பூசுவதில்லை, தாளை விட்டுவைப்பதுதான் வெள்ளை.

பென்சில் வேலை முடிகிறவரை எனக்கு நினைவு நன்றாக இருந்தது. முதல் வண்ணம் பூசும்போதும் இருந்தது. மண் மஞ்சளில் துளி சிவப்பு, நிறையத் தண்ணீர், நெற்றியில் வெளிச்சம் விழுகிற இடத்தை விட்டுவிட்டு ஒரே இழுப்பு. பிள்ளைகள் கையிலேயே உலர்த்தி வைத்திருந்தார்கள், நான் தலையசைத்தால் ஊதுவார்கள். சுவரைத் தட்ட யாரும் இல்லை. அந்த வெதுவெதுப்பான காற்று என் முகத்திலும் பட்டது. அங்கேதான் அசதி ஏறியது. நின்றுகொண்டே இருந்தேன், கண் திறந்தே இருந்தது, ஆனால் கை தானாகப் போக ஆரம்பித்தது. தோள், கழுத்து, விரல் எல்லாம் யோசிக்காமலே வந்தது. ஒரு வருடம் பழகியது வீண் போகவில்லை என்று நினைத்தேன். அம்மா, சத்தியமாக அந்த இரண்டு மணி நேரம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இனி உப்பு மூட்டை இல்லை என்றுகூட நினைத்தேன்.

நேரம் முடிந்தது. தாசோம் எழுந்து இடுப்பை முறித்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் நின்று பார்த்தாள். மற்றவர்களும் பார்த்தார்கள்.

"சார், இது யாரு?" என்றாள்.

நீதான் என்றேன்.

"நானா? முகம் என்னோடதுதான். ஆனா இந்த ஒடம்பு வேலைக்குப் போயிட்டு வந்த மாதிரி இருக்கே. நான் காலையில இருந்து இங்க சும்மாதான சார் உக்காந்திருக்கேன்."

பின்னால் ஒரு பையன் களுக்கென்று சிரித்தான். அவள் அதோடு விடவில்லை. தன் இடது கையைப் படத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து விரித்துக் காட்டினாள். படத்தில் அந்தக் கையின் மூன்று விரல் கூடி, எதையோ பிடித்திருப்பது போல இருந்தது.

"நான் கையை விரிச்சு வச்சிருந்தேன். இதுல நான் பிரஷ் புடிச்சிருக்கேன். பிரஷ் மட்டும் காணோம்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கண்ணாடிக்கு முன்னால் வரைகிறவனின் வலது கை எப்போதும் தூரிகையைப் பிடித்திருக்கும். கண்ணாடியில் அது இடது கையாகத் தெரியும். அதைத்தான் ஒரு வருடமாக வரைந்திருக்கிறேன். தாசோமின் கையைக் கண் பார்த்தது, ஆனால் விரல் வரைந்தது என் கையை. தோளும் அப்படித்தான். அவள் தோள் இரண்டும் நேராக இருந்தன. படத்தில் இடது தோள் சாய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது.

பான் மேடம் படத்தருகே வந்தார். இந்த வருடம் எத்தனை பேரை வரைந்தீர்கள் என்று கேட்டார். தினமும் வரைந்தேன் என்றேன். அதைக் கேட்கவில்லை, எத்தனை பேரை என்றார். ஒருவரை என்றேன்.

என் பையில் பழைய படங்கள் இருந்தன. கேட்டால் காட்டலாம் என்று கொண்டுபோயிருந்தேன். மேடம் கேட்டார், எடுத்துக் கொடுத்தேன். பிள்ளைகள் வாங்கித் தரையில் பரப்பினார்கள். நான் ஒவ்வொன்றின் மூலையிலும் மாதம் எழுதியிருப்பேன். தாசோம் மண்டியிட்டு அதைப் பார்த்து வரிசையாக வைத்துக்கொண்டே போனாள். போன குளிர்காலம் முதல் இந்தக் குளிர்காலம் வரை, அறையின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை நான்தான். வைத்து முடித்ததும் அவள் கேலி நின்றுவிட்டது.

"சார்," என்றாள் மெதுவாக. "நீங்க சாஞ்சுக்கிட்டே வர்றீங்க."

எல்லோரும் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். முதல் மாதப் படங்களில் தோள் நேராக இருக்கிறது. மார்ச்சில் கொஞ்சம். கோடையில் நன்றாகவே தெரிகிறது. கடைசித் தாள்களில் ஒரு பக்கம் கயிறு அவிழ்ந்த ஜன்னல் திரை மாதிரி இறங்கியிருக்கிறது. தினமும் பார்த்துப் பார்த்து வரைந்தவன் நான், எனக்குத் தெரியவில்லை. நேற்று இருந்த மாதிரிதான் இன்றும் இருந்தது. எல்லா மனிதர்களுக்கும் தோள் அப்படித்தான் இருக்கும் என்று என் கை முடிவு செய்துவிட்டது போலிருக்கிறது.

எல்லோரும் என் தோளையே பார்த்தது எனக்குப் பிடிக்கவில்லை. சிரித்தால்கூடத் தேவலை என்றிருந்தது. ஒரு பையன் போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

மேடம் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டுப் பேசினார். வண்ணம் சுத்தமாக இருக்கிறது, கை தயங்கவில்லை, அதில் குறையில்லை என்றார். அப்புறம் சொன்னார்.

"இந்தப் படத்த செவுத்துல மாட்டினா, பதினஞ்சு பிள்ளைங்களும் இதையே பாத்துப் பழகும். பதினஞ்சும் பரீட்சையில ஒரு தோள் சாஞ்ச ஆளையே வரஞ்சு வைக்கும். அப்புறம் அதுங்களோட பெத்தவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

நான் தலையாட்டினேன். வேலை இல்லை என்று சொல்லிவிட்டார் என்றுதான் நினைத்தேன். அவர் காலண்டரைப் பார்த்துவிட்டு, வேறு ஆளை இன்னும் போடவில்லை, அடுத்த மாதக் கடைசியில் இன்னொரு தடவை வாருங்கள் என்றார். வேறு யாராவது உட்காருவார்கள். அதற்குள் உங்களைத் தவிர வேறு யாரையாவது வரையுங்கள், வயதானவர், குண்டானவர், யாராக இருந்தாலும் சரி என்றார்.

வெளியே வரும்போது தாசோம் படிக்கட்டில் நின்றிருந்தாள். மன்னிப்புக் கேட்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, அந்தப் படத்தைத் தான் எடுத்துக்கொள்ளலாமா என்றாள். எதற்கு என்றேன்.

"எங்கம்மாகிட்ட காட்டணும். நீ சும்மாதான உக்காந்திருக்கன்னு சொல்லிக்கிட்டே இருக்காங்க."

கொடுத்துவிட்டேன்.

அது நடந்து எட்டு நாளாகிறது. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டேன். வேறு ஆளுக்குத்தான் இங்கே பஞ்சம். மெட்ரோவில் எதிரே உட்கார்ந்திருந்த ஒருவரை வரைய ஆரம்பித்தேன். அவர் எழுந்து வந்து, போட்டோ எடுத்தாயா, அழி என்றார். பென்சிலைக் காட்டினேன். அதற்கும் முறைத்துவிட்டு அடுத்த பெட்டிக்குப் போய்விட்டார். கிடங்கில் யாரும் ஓரிடத்தில் நிற்பதில்லை, நின்றால் மேற்பார்வையாளர் கத்துவார். டாக்சிக்காரரிடம் கேட்டுப் பார்த்தேன். தூங்கும்போது வரைந்துகொள், ஆனால் கதவு பூட்டித்தான் இருக்கும் என்றார். மாடலை அமர்த்திக்கொள்ள என்னால் முடியாது. இன்று வேலையிலிருந்து வந்ததும் வெள்ளைத் தாளை ஒட்டிவிட்டு, வரைய ஆள் இல்லாமல் பக்கத்திலேயே படுத்துவிட்டேன். படுத்தபடி யோசிக்கும்போதுதான் உங்கள் மூன்று பேர் நினைவும் வந்தது. உங்களை நான் வரைந்ததே இல்லை. எப்போது பேசினாலும் சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று இரண்டு நிமிடத்தில் முடித்துவிடுகிறோம்.

தோளுக்கு வலி இல்லை. சாய்ந்திருக்கிறது, அவ்வளவுதான். கிடங்கில் என்னோடு வேலை செய்கிற எல்லோருக்கும் அப்படித்தான் இருக்கிறது என்று இப்போது பார்த்தால் தெரிகிறது. வேலை மாறினால் சரியாகிவிடும் என்று நினைக்கிறேன். மாறாவிட்டால் என்ன என்று இப்போதைக்கு யோசிக்கவில்லை. அதை யோசித்தால் தூக்கம் வராது.

அதனால் உங்கள் மூவரில் இதை யார் முதலில் படித்தாலும் சரி, எனக்கு இது ஒன்று செய்யுங்கள். ஞாயிற்றுக்கிழமை உங்கள் நேரம் மூன்று மணிக்கு வீடியோவில் கூப்பிடுங்கள். கைபேசியை எதிலாவது சாய்த்து வைத்துவிட்டு, தலையிலிருந்து முட்டி வரை தெரிகிற மாதிரி எதிரே உட்காருங்கள். முதலில் அம்மா, அப்புறம் அப்பா, அப்புறம் அக்கா, ஆளுக்கு இருபது நிமிடம். அம்மா தலை சீவ வேண்டாம், ஆஸ்பத்திரிச் சலவை வேலையிலிருந்து வந்த கோலத்திலேயே உட்காரட்டும். அப்பா வயிற்றை உள்ளே இழுத்துப் பிடிக்க வேண்டாம். பேச வேண்டாம், தாடை அசையும். தோளைப் பற்றி ஏதாவது கேட்க வேண்டுமென்றால் வரைந்து முடித்த பிறகு கேளுங்கள், பதில் சொல்கிறேன். அதுவரை தயவுசெய்து அசையாமல் உட்கார்ந்திருங்கள்.