தட்டில் விட்ட பாதி

ஆரஞ்சுப் பழத்தில் ஒரு மண்ணும் கிடையாது. டாக்டர்மார் ஆயிரம் சொல்லட்டும். அதைத் தின்றுவிட்டு, கழுத்தில் மாட்டிய பை நிறையப் பழத்தோடு ஏணியில் ஏறி இறங்கிப் பார்க்கட்டும், அப்புறம் பேசலாம். குவீன்ஸ்லாந்துக்குப் பழம் பறிக்க வந்த புதிதில், ஓசிப் பழமாச்சே என்று ஆளாளுக்கு மரத்தடியிலேயே உரித்துத் தின்றோம். வாய் வெந்து புண்ணானதுதான் கண்ட பலன். பசி பசியாகவே இருந்தது.

நாங்கள் ஐந்து பேர், ஒரே ஊர்க்காரர்கள், சமோவாவின் சவாயித் தீவு. தோட்டத்துக்காரர் கொடுத்த பலகை வீட்டில் இருக்கிறோம். என் பெயர் பெலெனாதோ. சமையல் என் பொறுப்பு. யாரும் கொடுத்ததில்லை, மற்றவர்கள் சமைத்ததை ஒருநாள் தின்று பார்த்துவிட்டு நானே கரண்டியைப் பிடுங்கிக்கொண்டேன். முறைப்படி பார்த்தால் சமையலும் செமிசிதான் செய்ய வேண்டும். என் தங்கை லுபேயைக் கட்டி எங்கள் குடும்பத்தோடு வந்து இருப்பவன் அவன், வீட்டோடு மாப்பிள்ளை. எங்கள் ஊரில் வீட்டோடு மாப்பிள்ளை என்றால் மாமனார் வீட்டுப் பெரியவர்களுக்கு நின்று பணிவிடை செய்ய வேண்டும். அவன் சோறு பொங்கினால் மேலே கஞ்சி, நடுவே அரிசி, அடியில் கரி. அதனால் சமையல் எனக்கு, பரிமாறுவது அவனுக்கு என்று ஆயிற்று.

பணம்? கேட்காதீர்கள். வாடகையும் வேன் காசும் சம்பளம் கைக்கு வருவதற்கு முன்பே பிடித்துக்கொள்வார்கள். எத்தனை பெட்டி பறித்தாயோ அத்தனைக்குத்தான் கூலி. இந்தப் பருவத்தில் மழை கொட்டித் தீர்த்தது. நனைந்த பழத்தைப் பறிக்க விடமாட்டார்கள். பறிக்காவிட்டால் கூலி இல்லை, வாடகைக்கு மட்டும் மழையும் தெரியாது வெயிலும் தெரியாது. வேறு தோட்டத்துக்குப் போகலாம் என்றால் விசா விடாது. இந்த முதலாளி, இல்லையென்றால் விமானம், அவ்வளவுதான். ஊருக்கு அனுப்புவதைக் குறைக்க எவனுக்கும் மனசு வரவில்லை. அப்புறம் எதைக் குறைப்பது? வயிற்றைத்தான்.

அதனால் நான் கடையில் விலையைப் பார்த்துவிட்டு உடனே பொட்டலத்தைத் திருப்பி முதுகைப் பார்ப்பேன். அதில் எத்தனை சக்தி என்று எழுதியிருக்கும். கொஞ்சக் காசுக்கு எது அதிகச் சக்தி தருகிறதோ அதுதான் எனக்குச் சாமி. கீரை தக்காளி எல்லாம் பணக்காரன் சமாச்சாரம். அரிசி, மைதா, சர்க்கரை, எல்லாவற்றுக்கும் மேலே மாட்டுக்கொழுப்புக் கட்டி. ஊரில் கிளினிக் நர்ஸ் “கொழுப்பைத் தொடாதே, செத்துப்போவாய்” என்று மிரட்டுவாள். இங்கே நான் கொழுப்பைத் தேடி அலைகிறேன். ஆட்டின் வயிற்றோரக் கறி, பாதி கொழுப்பு பாதி சவ்வு, அதைக் குழையக் குழைய வேகவைத்து, மைதா உருண்டைகளைக் கொழுப்பிலேயே பொரித்து வைத்தேன் என்றால், ஐந்து ஆம்பிளைகள் மறுநாள் ஏணி ஏறலாம். கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஐந்து பேருக்கு ஐந்து பங்கு.

ஆனால் செமிசி மட்டும் தேய்ந்துகொண்டே போனான். வந்தபோது கதவில் பக்கவாட்டில் நுழைந்த ஆள். கால்சட்டை இடுப்பில் நிற்காமல் கயிறு கட்டிக்கொண்டு அலைந்தான். ஒருநாள் ஏணியின் பாதியில் கண் இருண்டு சறுக்கி, மரத்தடியில் உட்கார்ந்துவிட்டான். மேற்பார்வை பார்க்கும் டேரன் ஓடி வந்தான். கெட்டவன் இல்லை, ஆனால் அவனுக்கு மேலேயும் ஆள் உண்டு.

“இன்னொரு தடவ இவன் ஏணில தள்ளாடினா, டிக்கெட் போட்டு அனுப்பிடுவாங்கப்பா. என் கையில ஒண்ணும் இல்ல” என்றான்.

செமிசிக்கு உயிரே போய்விட்டது. புயலில் போன எங்கள் வீட்டுக்குப் பின்னால் அவனும் லுபேயும் தனியாக ஒரு வீடு எழுப்பிக்கொண்டிருந்தார்கள். சிமென்ட் கல் சுவர் இடுப்பளவு நிற்கிறது. இந்தப் பருவத்துக் காசில் கூரை போட்டுவிட்டால் சொந்த வீட்டுக்காரன். பாதியில் திருப்பி அனுப்பப்பட்டவனை மறுபடி யாரும் கூப்பிடமாட்டார்கள். இடுப்பளவு சுவர் இடுப்பளவாகவே நிற்கும்.

அன்று மாலைதான் அவனை உற்றுப் பார்த்தேன். பாயில் முதலில் பெரியப்பா உட்கார்ந்தார். மௌலோலோ என்பது ஊர் அவருக்குக் கட்டிய பட்டம், எங்கள் குடும்பத்துக்குத் தலைவர். அறுபதை நெருங்குகிறவர், எங்களோடு சேர்ந்து அவரும் பழம் பறிக்கிறார். அப்புறம் நான், அப்புறம் பக்கத்து வீட்டு அண்ணன் தம்பிகளான அபேலுவும் தசியும். ஜெபம் முடிந்ததும் செமிசி பரிமாறினான். பெரியப்பாவுக்கு மலை போல. எங்களுக்குக் குன்று போல. தட்டு காலியாகுமுன் அடுத்த கரண்டி. நாங்கள் எழுந்து போன பிறகு அடுப்படியில் தனியாக நின்றுகொண்டு சட்டியைச் சுரண்டினான். ஒரு கை அளவு காந்தல், அதோடு சர்க்கரை போட்ட கறுப்புத் தேநீர். அட மடையா! நான் ஐந்து பங்கு சமைக்கிறேன், நீ நாலு பேருக்கு அதைப் போட்டுத் தீர்க்கிறாய்.

“மாப்ள, உன் பங்கு எங்கடா?”

“சாப்ட்டேன் மச்சான். வயிறு முட்ட.”

“எந்த வயிறு? அந்தக் கயிறு கட்டின வயிறா?”

“வீட்டோட மாப்பிள்ள தின்னே அழிச்சான்னு ஊர்ல பேசவா?” என்று சிரித்தான்.

மறுநாள் அவனுக்கென்று ஒரு தட்டு எடுத்து, அடுப்புக்குக் கீழே ரொட்டி சுடும் அறைக்குள் ஒளித்து வைத்தேன். கண்டுபிடித்துக் கொண்டுவந்து, அபேலு முன்னாலும் தசி முன்னாலும் பாதிப் பாதியாக வைத்துவிட்டான். “அண்ணே, உங்க மச்சினன் கைராசிக்காரன், சாப்பாடு பெருகுது!” என்று தசி வேறு பாராட்டினான். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தச் சட்டியைச் செமிசி தலையிலேயே கவிழ்த்திருப்பேன். சமைக்கும்போதே ஒரு மைதா உருண்டையை வாயருகில் நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டான். “பெரியவர் வாயில வைக்கறதுக்கு முந்தி நான் வைக்கவா? விடு மச்சான், பாவம் சேக்காத.”

வேறு வழி இல்லாமல் பெரியப்பாவிடமே போனேன். வீட்டுக்குக் கீழே, தூண்களுக்கு நடுவே பெட்டியில் உட்கார்ந்திருந்தார்.

“பெரியப்பா, நீங்களே அவன மொதல்ல சாப்புடச் சொல்லிடுங்களேன்.”

“சொல்லலாம்டா. நாலு பேர் முன்னாடி ‘நீ பரிமாறினது போதும்’னு சொன்னா என்ன அர்த்தம்? நீயே வேண்டாம்னு அர்த்தம். அப்புறம் அவன் லுபே மூஞ்சில எப்படி முழிப்பான்?”

“அப்ப தட்டுல பாதி விட்டுடுங்க. பெரியவர் விட்டது பரிமாறுறவனுக்குத்தானே? அத வேண்டாம்னு சொல்ல அவனுக்கு வாய் வராது.”

“பட்டினி போடவா அவனக் கூட்டிட்டு வந்தேன்? சரி, விடறேன்” என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவரும் ஏணி ஏறுகிறவர்தானே.

அன்று மாலை பெரியப்பா பாதிச் சோற்றோடு கை கழுவினார். அபேலு அவர் தட்டைப் பார்த்தான். தசி அபேலுவைப் பார்த்தான். இரண்டு பேரும் கையை இழுத்துக்கொண்டார்கள். பெரியவர் நிறுத்திய பிறகு எவன் வாயில் வைப்பான்? என் தட்டிலும் கொழுப்புக்கறி அப்படியே இருந்தது. வாய் ஊறுகிறது, கை நகரவில்லை. நானே போட்ட திட்டத்தில் நானே மாட்டிக்கொண்டிருந்தேன்.

செமிசி நாலு தட்டையும் எடுத்துக்கொண்டு அடுப்படிக்கு வந்தான். முகம் சாம்பலாகியிருந்தது.

“என்ன கொற மச்சான்? உப்பா? நான் வச்ச விதமா? பெரியவர் என் மேல வருத்தமா இருக்காரா?”

“ஒரு வருத்தமும் இல்ல. அது உனக்குத்தான்டா, தின்னு.”

“அவர் மனசு நோக விட்ட சோறு எனக்கு எறங்குமா?”

ஒரு வாய் வைக்கவில்லை. எல்லாவற்றையும் சட்டியில் கொட்டி மறுநாள் மதியத்துக்குக் கட்டினான், பெரியப்பாவுக்குத்தான் பெரிய டப்பா. அவர் அதிலும் பாதி விட்டார். நாங்களும் விட்டோம். வேனின் சூட்டில் அது ஊசிப்போய், கடைசியில் குப்பைத்தொட்டியைக் கிளறும் அந்த நீள மூக்குக் கொக்குகள் வந்து தின்றன. ஆட்டுக்கொழுப்பு! நான் காசு காசாகச் சேர்த்து வாங்கியது! அன்று ஒரு கொக்கின் மேல் செருப்பை வீசினேன்.

நாளுக்கு நாள் இதே கூத்துதான். செமிசி தன் மேல்தான் குற்றம் என்று இன்னும் குனிந்து இன்னும் அதிகமாகப் பரிமாறினான். அவன் அதிகம் வைக்க வைக்கப் பெரியப்பா அதிகம் விட்டார். “போதும் பெரியப்பா, நீங்க முழுசா சாப்புடுங்க, என் திட்டம் பாழாப்போச்சு” என்று கெஞ்சினேன்.

“இப்ப திடீர்னு முழுசா தின்னா, இத்தன நாளும் அவன் மேல கோவம், இன்னிக்குத்தான் தீந்துதுன்னு ஆயிடும். எறங்கினது எறங்கிட்டோம்” என்றார். வீடு முழுக்கப் பசி. ஒன்றுமில்லாததற்கெல்லாம் அபேலுவும் தசியும் அடித்துக்கொண்டார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை, மழை விட்டு வெயில் காய்ந்த நாள், மரங்களுக்கு நடுவிலிருந்து அலறல் கேட்டது. நான் செமிசி என்றுதான் ஓடினேன். செமிசி எனக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தான். ஏணி சாய்ந்து கிடந்தது. பெரியப்பா பழங்களுக்கு நடுவே மல்லாந்து, தோளைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். நிலத்திலிருந்து அவரை வாரித் தூக்கியது செமிசிதான். அவருக்கு எடையே இல்லை என்று அவனே அப்புறம் சொன்னான்.

தோள் எலும்பு முறிந்திருந்தது. மேலிடத்தில் உடனே முடிவு செய்துவிட்டார்கள், ஊருக்கு. “அந்த இன்னொருத்தனும் தள்ளாடறான். பாத்துட்டேதான் இருக்கேன்” என்று டேரன் என் காதில் போட்டான்.

வேன் வந்தபோது பெரியப்பா கட்டுப்போட்ட கையோடு ஏறிக்கொண்டு செமிசியைக் கூப்பிட்டார். “நல்லா சாப்புடு” என்றார்.

“சரிங்க ஐயா” என்று அவன் தலையைக் குனிந்தான். வேன் திரும்பியதும் அழ ஆரம்பித்தான். “என் பணிவிட சரியில்ல. அதான் அவர் சாப்புடல. சாப்புடாமத்தான் விழுந்தார்.”

எனக்குப் பொறுக்கவில்லை. அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினேன். “டேய் முட்டாப்பயலே! உனக்காகத்தான்டா விட்டார்! நீ தின்னணும்னு! நான்தான் விடச் சொன்னேன்! இப்பவாவது மண்டையில ஏறுதா?”

அழுகை நின்றுவிட்டது. என்னையே பார்த்தான். திட்டுவான், அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“அப்ப அவரத் தள்ளிவிட்டது நான்தான்” என்றான் மெதுவாக.

“அப்படி இல்லடா...”

“என் வயித்துக்காக அவர் பட்டினி கெடந்திருக்கார். நான் அது தெரியாம அத கொக்குக்குப் போட்டேன்.”

மாலை நான் அடுப்படிக்குப் போனால் கரண்டி அவன் கையில் இருந்தது.

“குடுடா, நான் சமைக்கிறேன்.”

“பெரியவர் போயிட்டார். இனி நீதான் பெரியவன். உனக்கு இங்க என்ன வேல? அங்க போய் உக்காரு மச்சான்.”

“நான் பட்டம் கட்டினவன் இல்லடா!”

“என் பொண்டாட்டிக்கு அண்ணன். போதாதா?”

அபேலுவைப் பார்த்தேன். அவன் பாயில் பெரியப்பாவின் இடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். “வாண்ணே, ஆறிடும்” என்றான்.

உட்கார்ந்தேன். வேறு எங்கே போவது? ஜெபம் சொன்னேன், குரல் எனக்கே யாருடையதோ போல இருந்தது. செமிசி தட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தான். கொழுப்புக் கட்டியை மறுநாளைக்கென்று மிச்சம் பிடித்திருந்தான், மைதா உருண்டை வறண்டு கிடந்தது. ஆனால் இருந்த கறியெல்லாம் என் தட்டில். அபேலுவுக்கும் தசிக்கும் சோறு. பரிமாறிவிட்டு, கதவில் சாய்ந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றான். கால் லேசாக நடுங்கியது. சாய்ந்து நிற்பதே அதனால்தான் என்று தெரிந்தது.

“மாப்ள, வந்து உக்காரு. கெஞ்சிக் கேக்கறேன்.”

“சாப்புடு மச்சான். நாளைக்கு ஏணி ஏறணும்.”

பாதியை விடலாமா? விட்டால் என்ன நடக்கும் என்று இந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அவன் இன்னும் கொஞ்சம் செத்துப்போவான். விடாமல் தின்றால்? அவனுக்கு ஒன்றும் இல்லை. எழுந்து போனால்? அபேலுவும் தசியும் எழுந்துவிடுவார்கள், மூன்று தட்டும் அப்படியே கிடக்கும். பொட்டலத்தின் முதுகில் எழுதியிருக்கும் எந்தக் கணக்கிலும் இதற்கு விடை இல்லை.

தின்றேன். வறட்டு உருண்டையையும் சவ்வையும் கறியையும் தலை நிமிராமல் தின்றேன். ஒரு பருக்கை விடவில்லை. தின்னத் தின்ன அவன் முகம் தெளிந்துகொண்டே வந்தது, பாவி. பெரியப்பா போன துக்கத்திலிருந்து ஒரு ஆள் கரையேறுவது போல இருந்தது.

அவன் கரண்டியைத் தூக்கிக்கொண்டு ஓர் அடி முன்னால் வந்தான்.

“இன்னும் வைக்கவா மச்சான்?”

அவனுக்குப் பின்னால் அடுப்பில் சட்டி கவிழ்த்து வைத்திருந்தது. கழுவிக்கூட ஆகிவிட்டது.

“வேண்டாம்டா” என்றேன். “வயிறு நெறஞ்சுபோச்சு.”

“அதான் வேணும்” என்றான் செமிசி. சிரித்தபடியே என் தட்டை வாங்கிக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து அடுப்படிக்குப் போனான்.