டெல்பர்ட்டின் குற்றங்கள் காற்றோடு போன கதை

சமையலறைக் கூரை போனதற்கு வெர்லீன் அழவில்லை. ஃப்ரிட்ஜும் அடுப்பும் ஜோடியாகக் கிளம்பிப் போய்ப் பக்கத்து வீட்டு ட்வைலாவின் குளத்தில் விழுந்ததற்கும் அழவில்லை. ஓக்லஹோமாவில் முப்பத்தோரு வருடம் குடும்பம் நடத்தியவளுக்குச் சுழல்காற்று என்ன புது விருந்தாளியா? தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று மூக்கைச் சிந்திப் போட்டுவிட்டுத் துடைப்பத்தைக் கையில் எடுத்தவள் அவள். மறுநாள் காலை ட்வைலா ஃபோனை நீட்டியபோதுதான் அழுதாள்.

"அடியே வெர்லீன், இது உன் கையெழுத்து மாதிரி இல்ல?"

காற்று இங்கே அள்ளிய காகிதத்தை மூன்று ஜில்லா தாண்டித்தான் இறக்கிவிடும். அங்கே இருக்கிற புண்ணியவான்கள் அதைப் பொறுக்கிப் படம் பிடித்து, "இது யாருடையது?" என்று ஃபேஸ்புக்கில் போடுவார்கள். நல்ல வழக்கம்தான். கல்யாணப் போட்டோ திரும்பி வரும், பிறப்புச் சான்றிதழ் திரும்பி வரும். இப்போது வந்திருந்தது கோடு போட்ட ஒரு தாள். வெர்லீனின் உருண்டை எழுத்தில் இப்படி இருந்தது:

388. பூட்ஸோடு படுக்கையில் ஏறினான். மழை நாளில்.
389. பாஸ்டர் பிரசங்கத்தில் குறட்டை. திடுக்கிட்டு எழுந்து "ஆமென்" என்றான். பாஸ்டர் அப்போது நரகத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.
390. என் பிறந்தநாளுக்கு நாய்க்குப் புதுக் கழுத்துப்பட்டை வாங்கி வந்தான்.

மேலே ஒரு குறிப்பு: "எங்க மாட்டுக் கொட்டாய்ல விழுந்துச்சு. டெல்பர்ட்னு ஒரு புருஷன் வச்சிருக்கிற மகராசி யாருங்க? இன்னும் நாப்பது பக்கம் இருக்கு. — ஓப்பல்."

நாலாயிரம் பேர் சிரித்திருந்தார்கள். வெர்லீனின் மானம் கப்பலேறவில்லை, விமானமே ஏறிவிட்டது.

அந்த நோட்டுப் புத்தகம் அவள் ரகசியம். சிவப்பு அட்டை, மாவு டப்பாவுக்குப் பின்னால் இருப்பு. கல்யாணமான ஆறாவது மாதம் டெல்பர்ட் அவள் சாப்பாட்டு டப்பாவில் தூண்டில் புழுவைப் போட்டு எடுத்துப் போனான். அவனைக் கொல்வதற்குப் பதிலாக அன்று ஒரு வரி எழுதினாள். எழுதி முடித்ததும் கோபம் பொசுக்கென்று இறங்கிவிட்டது. போய் அவனுக்குப் பிடித்த உருளைக்கிழங்கை வறுத்தாள். அன்றிலிருந்து அதுதான் வாடிக்கை. ஒரு குற்றம், ஒரு வரி, ஒரு சட்டி உருளைக்கிழங்கு. சுழல்காற்று வந்த நாளில் கணக்கு 1146-ல் நின்றது.

டெல்பர்ட்டுக்குத் தெரிந்தால்? அதிகம் பேசாத மனுஷன். ஆனால் சொல் தாங்கமாட்டான். ஒரு பண்டிகைச் சாப்பாட்டில் அவன் அண்ணன் "சோம்பேறி" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னதற்கு ஏழு வருடம் அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. ஒரு வார்த்தைக்கு ஏழு வருடம் என்றால் ஆயிரத்து நூற்று நாற்பத்தாறு வரிக்கு எத்தனை வருடம்? பெருக்கிப் பார்த்து, பாதியிலேயே விட்டுவிட்டாள்.

இத்தனைக்கும் அவன்மேல் அவளுக்கு அடுப்பெரிகிற கோபம். அன்று சுழல்காற்று வருகிறதென்று சங்கு ஊதியதும் அவள் பின்புறத்துப் பதுங்குகுழிக்குள் இறங்கிவிட்டாள். ஐயா என்ன செய்தார்? இந்த ஊர் ஆம்பளைகள் எல்லாரையும் போல வாசலில் நின்று, வருகிற எமனை வேடிக்கை பார்த்தார். பார்த்தவர் குழிப் பக்கம் வராமல் வீட்டுக்குள் ஓடினார்! கதவை மூடுகிற கடைசி நொடியில் சட்டைக்குள் எதையோ அணைத்தபடி வந்து விழுந்தார்.

"எதுக்குய்யா உள்ள போன? சாகவா?"

"தொப்பி," என்றான் இருட்டில்.

தொப்பிக்காக உயிரை விடப் பார்த்த ஆளை என்னவென்று திட்டுவது? எழுதித் தொலைக்கவும் நோட்டு இல்லை. அதனால் மூன்று நாளாக அவனோடு பேச்சே இல்லை. அவனும் தொப்பியைத் தலையில் வைக்கவில்லை. வெட்கமாக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

நல்லவேளை, அவனிடம் இருந்தது மூடித் திறக்கிற பழைய ஃபோன். ஃபேஸ்புக் என்றால் ஏதோ பைபிள் வகுப்புப் புத்தகம் என்று நினைப்பவன். அவன் கூரைமேல் நீலத் தார்ப்பாயை ஆணியடித்துக்கொண்டிருக்க, இவள் கீழே காவல் காத்தாள். அவன் ஆணி வாங்கப் போனால் இவளும் பிக்கப் வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள், வாயைத் திறக்காமல். சர்ச்சுப் பெண்கள் கோழியும் சீஸும் போட்டு வேகவைத்த தட்டுகளாகக் கொண்டுவந்து குவித்தார்கள். தட்டைத் திருப்பித் தர வசதியாக அடியில் பேர் எழுதி ஒட்டியிருப்பார்கள் அல்லவா? ஒரு தட்டின் அடியில், "பூட்ஸோடு படுக்கிறவருக்கு, அன்புடன்" என்று இருந்தது. வெர்லீன் அதைக் கத்தியால் சுரண்டி எடுத்தாள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? ஆனாலும் சுரண்டினாள்.

மூன்றாம் நாள் பாஸ்டரும் சர்ச்சு ஆட்களும் மர அறுவை மெஷின்களோடு வந்து இறங்கினார்கள். கூடவே ஒரு தடித்த அம்மாள், காதில் பென்சில், கையில் ஒரு பிளாஸ்டிக் பை. இறங்கியவள் அண்ணாந்து பார்த்து, ஊரே கேட்கக் கூவினாள்.

"அட, நீங்கதான் அந்த டெல்பர்ட்டா? நான்தாங்க மாட்டுக் கொட்டாய் ஓப்பல்! ஃபேஸ்புக்குல வழி கேட்டு ரெண்டு மணி நேரம் ஓட்டிட்டு வரேன். உங்க குத்தம் நாப்பத்தோரு பக்கம், ஒண்ணுகூட நனையாம கொண்டாந்திருக்கேன்!"

மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. டெல்பர்ட் சுத்தியலை இடுப்பில் செருகிக்கொண்டு ஏணியில் ஒவ்வொரு படியாக இறங்கினான். வெர்லீன் துடைப்பத்தைக் கீழே போட்டாள். போச்சு, முப்பத்தோரு வருடம் போச்சு.

அவன் பையை வாங்கித் தாள்களைப் புரட்டினான். அவசரமே இல்லை.

"212 இதுல இல்ல," என்றான்.

"எது?" என்றாள் வெர்லீன்.

"சாஸ் பாட்டில் கண்ணுக்கு முன்னாடி இருந்தும் எங்க எங்கன்னு தேடினேன்னு எழுதின பாரு. அத நான் ஒத்துக்கமாட்டேன். அன்னைக்கு அது ஊறுகாய் ஜாடிக்குப் பின்னாடி இருந்துச்சு."

வெர்லீன் வாயைப் பிளந்தாள். "அது இன்னும் யாருக்குமே கிடைக்கலையே! நீ எப்ப படிச்ச?"

"பத்தொம்பது வருஷமா படிக்கிறேன். நீ குளிக்கப் போறப்ப."

கூட்டத்தில் ஒருவர் இருமினார். அந்த நேரம் பார்த்துக் குளத்தங்கரையிலிருந்து ட்வைலா ஆடி ஆடி வந்தாள்.

"டெல்பர்ட், இந்தா உன் தொப்பி! எங்க வீட்டு மரத்து உச்சியில மாட்டியிருந்துச்சு. மூணு நாளா காக்கா கூடுன்னு நினைச்சிட்டிருந்தேன்."

வெர்லீன் தொப்பியைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். "யோவ், தொப்பி எடுக்கத்தானே உள்ள போன? அப்ப சட்டைக்குள்ள என்ன இருந்துச்சு?"

அவன் காதெல்லாம் சிவந்துவிட்டது. பிக்கப்பின் கருவிப்பெட்டியைத் திறந்து ஒரு சிவப்பு அட்டையை எடுத்தான். கிழிந்த பக்கங்கள் நாலைந்து அதில் தொங்கின.

"வாசல் தாண்டறதுக்குள்ள காத்து மிச்சத்தைப் பிடுங்கிடுச்சு."

"அறிவிருக்கா உனக்கு? உன்னைத் திட்டின நோட்டுக்காகவா போன?"

"நீ எழுதிட்டா கோவம் போயிடும், அது எனக்குத் தெரியும். எழுதாம உர்ருன்னு இருக்கற நாள்லதான் எனக்குப் பயம்," என்றான் தரையைப் பார்த்துக்கொண்டு. "மூணு நாளா பயந்துட்டிருக்கேன்."

வெர்லீன் ஓவென்று அழுதாள். ஓப்பலும் சேர்ந்து அழுதாள். சம்பந்தமே இல்லாமல் பாஸ்டர் "ஆமென்" என்றார்.

டெல்பர்ட் பெட்டிக்குள் மறுபடி கைவிட்டுப் புது நோட்டு ஒன்றை எடுத்து நீட்டினான். ஆணி வாங்கப் போன இடத்தில் எப்போது வாங்கினானோ, தெரியாது. வெர்லீன் பிரித்துப் பார்த்தாள். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வெறும் வெள்ளை, ஒரு கோடு கிடையாது.

ஓப்பலின் காதிலிருந்து பென்சிலை உருவி, பிக்கப்பின்மேல் வைத்து எழுதினாள்.

1147. தொப்பிக்குப் போனேன் என்று பொய் சொன்னான்.
1148. கோடு போடாத நோட்டு வாங்கி வந்தான்.

அவன் அவள் தோளுக்கு மேலே எட்டிப் படித்தான். "1147 சரி. 1148 ஒத்துக்கமாட்டேன். கடையில இதுதான் இருந்துச்சு."

"போய்யா, போய்க் கூரையப் பாரு."

கோபம் போன இடம் தெரியவில்லை. உடனே ஒரு சட்டி உருளைக்கிழங்கு வறுக்க வேண்டும்போல் அவளுக்குக் கை பரபரத்தது. அடுப்புதான் குளத்தில் கிடந்தது.