எல்லாத்துக்கும் ஓம்

தவச்செல்வனுக்கு ஜமேக்கா நாட்டு ரெகே பாட்டு பிடித்துப்போனதே ஒரு பிழையான மொழிபெயர்ப்பால்தான்.

1986இல் சுவிஸின் பேர்ண் நகரத்தில், ஓர் உணவகத்தின் சமையலறையில் அவன் கோப்பை கழுவிக்கொண்டிருந்தான். அடுப்படியில் ஊர்ஸ் என்ற சுவிஸ்காரன். சனி, ஞாயிறில் ஒரு ரெகே குழுவில் கிற்றார் அடிப்பவன். கசெட்டைப் போட்டுவிட்டு, வெங்காயம் வெட்டியபடி தானும் கூடப் பாடுவான். ஜமேக்காக்காரர் கடவுளைக் கூப்பிடுகிற 'ஜா', அவன் வாயில் 'யா' ஆகிவிடும். தவத்துக்கு நன்றாகத் தெரிந்த ஜெர்மன் சொல்லோ அது ஒன்றுதான். யா என்றால் ஓம், சம்மதம். அடடா, வரிக்கு வரி ஓம் ஓம் என்று பாடுகிறார்களே, எவ்வளவு நல்ல மனுசர் என்று நினைத்துவிட்டான். அகதி விண்ணப்பம் போட்டு இரண்டு வருடமாக ஒருவரும் 'யா' சொல்லாமல் காத்துக் கிடப்பவனுக்கு அது தேனாக இனித்ததில் என்ன புதினம்?

அவனும் கோப்பை கழுவும் மெஷினின் இரைச்சலுக்கு மேலாகத் தமிழில் கட்டிப் பாடத் தொடங்கினான். விழவேண்டிய இடத்தில் விழாமல் ஏய்த்துவிட்டு அடுத்த இடத்தில் விழுகிற அந்தத் தாளம் அவனுக்குச் சுலபமாக வந்தது. குரலும் கணீரென்ற குரல். ஊர்ஸ் அவனை ஒத்திகைக்கு இழுத்துக்கொண்டு போனான்.

அங்கேதான் வினை பிடித்தது. எவன் என்ன கேட்டாலும், விளங்கினாலும் விளங்காவிட்டாலும், தவம் தலையை ஆட்டி "ஓம்" என்பான். கோப்பி வேண்டுமா? "ஓம்." சத்தத்தைக் கூட்டவா? "ஓம், ஓம்." யாழ்ப்பாணத்தான் ஆமென்பதைத்தான் அப்படிச் சொல்கிறான் என்று அந்தப் பிள்ளைகளுக்கு எப்படித் தெரியும்? ஒருமுறை இந்தியா போய்வந்திருந்த டிரம்ஸ்காரன் கண்ணை மூடிக் கைகூப்பிவிட்டான்.

லாங்கன்தால் என்ற ஊரில் குழுவின் நிகழ்ச்சி. போஸ்டரில் தவத்தின் படம், மேலே பெரிய ஓம் எழுத்து, கீழே 'குரு தாவா'. காவி போர்த்து, சம்மணமிட்டு, பாட்டுகளுக்கு நடுவில் ஓம் சொன்னால் போதுமாம். அவனுடைய சொந்தப் பாட்டை அடுத்த வருடம் பார்க்கலாமாம். அடுத்த வருடம் இந்த நாட்டில் இருப்பானோ என்பதே அவனுக்குத் தெரியாது. மாட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். பழக்கதோஷம், "ஓம்" வந்துவிட்டது.

அந்தப் போஸ்டரை லாங்கன்தால் தமிழரும் பார்த்தார்கள். ஓம் எழுத்தைக் கண்டதும் பூசை என்று முடிவுகட்டி, அங்கே தொழிற்சாலையில் வேலை செய்த உருத்திரமூர்த்தி அண்ணை எல்லோரையும் திரட்டிவிட்டார். குளித்து, திருநீறு பூசி, முன்வரிசையில் வந்து இருந்துவிட்டார்கள். அவர் மனைவி ஜெயகௌரியின் மடியில் ஒரு சட்டி அவித்த கடலை. பின்வரிசைகளில் சடைமுடியும் பியர் போத்தலுமாகச் சுவிஸ் இளசுகள்.

திரை விலகியது.

"இஞ்சேரப்பா, இது எங்கட தவமெல்லோ!" என்றார் அண்ணை. "இவன் எப்ப சாமியாரானவன்?"

"சும்மா இருங்கோ. பூசை தொடங்கட்டும்," என்றாள் ஜெயகௌரி.

தவமும் முன்வரிசையைக் கண்டுவிட்டான். எங்கட சனத்துக்கு முன்னால் சாமி வேஷமா? சாகும்வரை 'சாமியார்' பட்டம் போகாது. அதைவிட, இன்றைக்குப் பாடாவிட்டால் இனி எந்த மேடையில் பாடுவது? எழுந்தான். காவியை உருவி எறிந்தான். நல்லவேளை, உள்ளே சேட்டும் காற்சட்டையும் போட்டிருந்தான். மைக்கைத் தட்டினான்.

"கேக்குதோ?"

"ஓம்!" என்றது முன்வரிசை.

பின்வரிசைகளுக்கு மெய்சிலிர்த்துவிட்டது. அவர்களும் "ஓம்!" என்று முழங்கினார்கள். டிரம்ஸ்காரன் இனி விடுவானா? தாளத்தைத் தொடங்கிவிட்டான். தவம் தன் பாட்டை நின்ற நிலையிலேயே கேள்விகளாக மாற்றிக் கட்டினான்.

"கோப்பையெல்லாம் கழுவியாச்சோ?"

"ஓம்!"

"குளிருக்கு மூக்கு வழியுதோ?"

"ஓம்!"

"கடலையில எனக்கும் பங்கிருக்கோ?"

"ஓம்!" ஜெயகௌரி சட்டியைத் தூக்கியே காட்டினாள்.

மண்டபம் அதிர்ந்தது. தவத்துக்குச் சந்தோசம் தலைக்கேறி, நெஞ்சுக்குள் கிடந்தது தன்பாட்டில் வாய்க்கு வந்துவிட்டது.

"எங்களை இஞ்ச இருக்க விடுவினமோ?"

அதற்கு ஓம் சொல்ல முன்வரிசையில் ஒருவருக்கும் துணிவில்லை. அவர்களுடைய விண்ணப்பங்களும் பதிலில்லாமல்தான் கிடந்தன. தாளம் ஓர் இடத்தில் வெறுமையாகப் போனது.

அப்போது பின்னாலிருந்து, கேள்வி என்னவென்றே தெரியாத அத்தனை சுவிஸ் தொண்டைகளும் ஒன்றாக, "ஓம்!"

"கேட்டியளோ? சுவிஸ்காரரே சொல்லிப்போட்டினம்!" உருத்திரமூர்த்தி அண்ணை கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து ஆடத் தொடங்கினார். தவம் விடுவானா? அதையே திரும்பத் திரும்பக் கேட்டான். ஒவ்வொரு தடவையும் ஓம்.

பிறகு எத்தனையோ மேடை, லோசான் வரைக்கும். ஒரு கசெட்டும் வந்தது. எங்கே பாடினாலும் கடைசிக் கேள்வி அதுதான். மூன்று வருடம் கழித்து, நாட்டில் இருப்பதற்கான பெர்மிட் கைக்கு வந்த அன்றும் அதையே பாடினான்.

"உனக்குத்தான் கிடைச்சிட்டுதே, இன்னும் ஏன் கேக்கிறாய்?" என்றான் ஊர்ஸ்.

"முன்வரிசையில கனபேருக்கு வரேல்லை. அவைக்கும் வரட்டும், பிறகு நிப்பாட்டுவம்."

ஊர்ஸ் கிற்றாரைத் தோளில் மாட்டிக்கொண்டு, "ஓம்" என்றான், யாழ்ப்பாணத்தான் சொல்வது போலவே.