நான்கு பீரோக்கள்

சொர்ணம்மாள் கயிற்றை முந்தின நாளே வாங்கி வைத்துவிட்டாள். ஜப்தி செய்யும் சாமானை ஏற்றிப்போக வண்டியும் ஆளும் வழக்கில் ஜெயித்தவர்தான் கொண்டுவர வேண்டும் என்று கோர்ட் அமீனா சொல்லியிருந்தார். தம்பி மாரிக்கண்ணன் டெம்போ கொண்டுவந்திருந்தான்.

ஏழு வருஷத்துக்கு முன், பக்கத்துக் கடைக்காரன் கடனுக்காக வந்த ஓர் அரசு வங்கி, கதவு மாறி, தாராவியில் அவளுடைய ஆறு தையல் மெஷின்களையும் ஒரே காலையில் அள்ளிப்போய் ஏலம் விட்டது. நஷ்டஈட்டைக் கொடு என்று கோர்ட் சொல்லியும் கொடுக்கவில்லை. கடைசியில் வங்கிச் சாமானை ஜப்தி செய்ய உத்தரவு வந்தது. கிடைக்கப்போகும் நான்கு பீரோக்களைத் தெருக்காரி நூர் நிஷாவுக்கு விலை பேசி, முன்பணமும் வாங்கி, அதில் ஒரு பழைய மெஷின் வாங்கிப் போட்டிருந்தாள் சொர்ணம்மாள். ஏழு வருஷம் கழித்து முந்தாநாள்தான் அவள் கால் பெடலில் பட்டது.

மாட்டுங்காக் கிளையின் மேனேஜர் வெங்கடேஷ் அவளை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். அமீனாவிடம் ஒரு தாளை நீட்டினார். அமீனா படித்துவிட்டுப் பையை மூடினார்.

"என்ன சார், பைய மூடுதாரு?"

"இந்த பேங்குக்குன்னே தனிச் சட்டம் இருக்கும்மா. இதோட சொத்த யாரும் ஜப்தி பண்ண முடியாது. நேத்து மேல்கோர்ட்டும் அதையே சொல்லிடுத்து."

"அப்போ எம் மெஷின மட்டும் எப்படித் தூக்குனிய?"

"உங்களுக்குத் தனிச் சட்டம் இல்லையே."

அவர் சிரிக்கவில்லை.

"பீரோ வேண்டாம் சார். இந்த ஒரு நாற்காலியாவது?"

"எவ்வளவு நேரம் வேணாலும் உக்காருங்கோ. தூக்கத்தான் முடியாது."

சுவரில் வங்கியின் சேமிப்புப் பாண்டு விளம்பரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த மாரிக்கண்ணன் திரும்பினான். "சார், இதுல போட்டா பைசா பத்திரமா இருக்குமா?"

"கவர்மென்ட் கேரண்டி. இப்பத்தான் நீங்களே பார்த்தேளே, எங்க சொத்துல ஒருத்தர் கை வைக்க முடியாது."

மாரிக்கண்ணன் அக்காவைப் பார்த்தான். பிறகு ஒரு ஃபாரம் வாங்கிக்கொண்டான்.

"என்னலே பண்ணுத?"

"புள்ள கல்யாணத்துக்குப் பைசா வச்சிருக்கேன்லாக்கா. கோர்ட்டு தாளோட வந்த ஒன்னயே சும்மா அனுப்புதானுவ. கெட்டியான எடந்தான்."

தாராவியில் சொர்ணம்மாளின் வாசலிலேயே நூர் நிஷா நின்றாள். டெம்போவை எட்டிப் பார்த்தாள்.

"பீரோ எங்கக்கா?"

"வரல."

"அப்போ எம் பைசா?"

சொர்ணம்மாள் உள்ளே மெஷினைக் காட்டினாள். "வாங்குன எடத்துலயே திருப்பிக் குடுத்துட்டுத் தாரேன்." மாரிக்கண்ணன் மெஷினைத் தூக்கி டெம்போவில் ஏற்றி இறுக்கிக் கட்டினான். புதுக்கயிறு, முடிச்சு நன்றாக விழுந்தது. கசங்கக் கூடாதென்று ஃபாரத்தை அக்காவிடம் கொடுத்திருந்தான். கட்டி முடிக்கும்வரை அவள் அதைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.